பாடம் யாருக்கு? ‘ஐசப்போர்ட்’ கையேட்டைப் பற்றி ஒரு குறிப்பு

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ‘ஐசப்போர்ட்’ என்று ஒரு பயிற்சிக் கையேட்டை வெளியிட்டது. டிமென்ஷியா, அதாவது மறதி நோய், வந்தவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற குடும்பத்தாருக்காக எழுதப்பட்டது. இணையத்தில் அவரவர் வேகத்தில் படித்து முடிக்கும் பாடமாகவும் இருக்கிறது, இணைய வசதி இல்லாதவர்களுக்குப் புத்தகமாகவும் இருக்கிறது. இந்தியாவில் பெங்களூரு நிம்ஹான்ஸ் இதை நம் சூழலுக்குத் தகுந்தபடி மாற்றி, சோதித்தும் பார்த்தது. இந்தக் கையேட்டையும் அந்தச் சோதனை பற்றிய கட்டுரையையும் சில மாதங்களாக வாலாஜாபாத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததைத் தெருவில் ஒரு வீட்டில் தமிழில் சொல்லியும் பார்த்தேன். அதிலிருந்து தேறிய விமர்சனம் இது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையேடு நல்ல கையேடு. கடிதத்தை ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார்கள். முகவரிதான் தப்பு.

மொத்தம் 23 பாடங்கள், ஐந்து பகுதிகள். நோய் பற்றிய அறிமுகத்துக்கு ஒரே ஒரு பாடம். பார்த்துக்கொள்கிறவராக இருப்பது பற்றி 4, அவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்வது பற்றி 3, சாப்பாடு, கழிவறை, குளியல் மாதிரியான அன்றாட வேலைகள் பற்றி 5. மீதி 10 பாடங்களும் மாறிப்போன நடத்தை பற்றியவை. கோபம், தூக்கமின்மை, சந்தேகம், இல்லாததைப் பார்ப்பது, சொன்னதையே சொல்வது, வீட்டை விட்டு நடந்து போய்விடுவது. இந்த விகிதமே எனக்குப் பிடித்திருந்தது. மூளையின் படத்தைப் போட்டு நாலு அத்தியாயம் விளக்குகிற நோய்க் கையேடுகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். இதை எழுதியவர்கள் அப்படிப்பட்ட வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்திருக்கிறார்கள், அல்லது உட்கார்ந்திருந்தவர்களிடம் பேசியிருக்கிறார்கள். பாடம் நடக்கும் விதமும் எளிது. ஒரு சின்னக் கதை, அதில் ஒரு சிக்கல், நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று சில பதில்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அது ஏன் சரி, ஏன் சரியில்லை என்று ஒரு விளக்கம்.

‘இதெல்லாம் வெளிநாட்டு நோய், நம்ம ஊர்ல ஏது’ என்று யாராவது கேட்டால், 1990களிலேயே திருப்போரூர் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். வாலாஜாபாத்திலிருந்து அது ஒன்றும் தூரமில்லை. 60 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு 3.5 பேருக்கு இருந்தது. 2023இல் வெளிவந்த, நாடு முழுவதற்குமான லாசி-டாட் ஆய்வின் மதிப்பீடு 7.4 விழுக்காடு, கிட்டத்தட்ட 88 லட்சம் பேர். இரண்டு ஆய்வுகளின் முறையும் வேறு, அதனால் நோய் இரட்டிப்பாகிவிட்டது என்று அவசரப்பட வேண்டாம். ஆனால் அந்தப் பழைய கணக்கை வைத்துப் பார்த்தாலும் ஒரு நடுத்தரமான தெருவுக்கு ஒரு வீடு தேறும்.

எங்கள் தெருவில் தேறிய வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார். ஐம்பதை நெருங்கும் வயது. மாமியாருக்கு ஆறு வருஷமாக இந்த நோய். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அவர் கணவருக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. மகனுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம், அவனுக்கும் ஷிப்ட். நாத்தனார் தாம்பரத்தில். பாடங்களை நான் சொல்லச் சொல்ல அக்கா சொன்ன பதில்கள் என் நோட்டில் இருக்கின்றன. என்னைக் கேட்டால் கையேட்டின் ஆகச் சிறந்த விமர்சகர் அவர்தான்.

முதலில் சொற்களிலேயே தடுக்கியது. ‘கேர்கிவர்’ என்பதற்கு நாம் எழுத்தில் வைத்திருக்கும் சொல் பராமரிப்பாளர். வாலாஜாபாத்தில் பராமரிப்பு என்றால் காதில் விழுவது மின்வாரிய அறிவிப்பு. பராமரிப்புப் பணி, காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை. ஒரகடத்துக்குப் போகிறவர்களுக்கோ மெயின்டனன்ஸ் என்பது ஒரு டிபார்ட்மென்ட். மெஷின் நின்றால் வருகிறவர்கள். அக்காவிடம் “நீங்க பராமரிப்பாளர்” என்றால் சிரிக்கிறார். “நான் மருமகடா” என்கிறார். வீட்டில் யாரும் அந்த வேலைக்கு அவரை நியமிக்கவில்லை. கல்யாணம் ஆன அன்றைக்கே அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. அதற்குத் தனியாக ஒரு பெயர் வைத்து, ‘உங்கள் பங்கு என்ன என்று யோசியுங்கள்’ என்று பாடம் தொடங்கும்போது, ஏதோ விருப்ப மனு போட்டு வந்தவரிடம் பேசுவது போல இருக்கிறது.

‘நினைவிழப்பு’ இன்னும் மோசம். நினைவிழந்த நிலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள் என்றால் மயக்கம் என்று பொருள். நினைவு தப்பிடுச்சு என்றாலும் அதுதான். மொழிபெயர்ப்பாளர் அகராதியைப் பார்த்துப் போட்டுவிடுவார், கேட்பவருக்கு விபத்துதான் ஞாபகம் வரும். மக்கள் சொல்வது ‘ஞாபக மறதி’, ‘புத்தி தடுமாறிப்போச்சு’, ‘கொழந்த மாதிரி ஆயிட்டாங்க’. இதில் கடைசிச் சொல்லைக் கையேடு ஏற்காது, பெரியவர்களைக் குழந்தையாக நடத்தாதீர்கள் என்பது அதன் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. அது நியாயமும்கூட. ஆனால் நம் ஊரில் ‘கொழந்த மாதிரி’ என்பது மன்னிப்பதற்கான சொல்லாகவும் இருக்கிறது. அடித்துவிட்டார், தள்ளிவிட்டார், பரவாயில்லை, குழந்தை மாதிரி. அந்தச் சொல்லைப் பிடுங்கிக்கொண்டால் அதற்குப் பதிலாக மன்னிப்பதற்கு வேறொரு சொல்லைக் கொடுக்க வேண்டும்.

அப்புறம் ‘சுமை’. இந்த மாதிரி ஆய்வுகளில் பார்த்துக்கொள்கிறவரின் சுமையை ஒரு கேள்வித்தாள் வைத்து அளப்பார்கள். அக்காவிடம் கேட்டேன். “அத்தைய பாத்துக்கறது உங்களுக்குச் சுமையா இருக்கா?” அவர் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார். “சுமையான்னு கேட்டா யாரு தம்பி ஆமான்னு சொல்வாங்க? கடவுள் கேக்க மாட்டாரா?” சற்று நேரம் கழித்து அவரே சொன்னார். “தூக்கம் இருக்குதான்னு கேளு. சொல்றேன்.”

பாடங்களுக்கு வருவோம். சொன்னதையே சொல்வது, செய்ததையே செய்வது பற்றிய பாடம். பழைய வேலையை ஒட்டிய ஏதாவது ஒன்றைக் கையில் கொடுத்துப் பாருங்கள் என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் யோசனை. நான் சொல்லி முடிப்பதற்குள் அக்கா உள்ளே போய் ஒரு பழைய ராட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். மாமியார் அய்யம்பேட்டைப் பக்கம் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்து தார் சுற்றியவர். ரெண்டு வருஷமாகப் புடவை முந்தானையைப் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். முந்தானை கிழிந்து போகிறதே என்று ராட்டையும் கொஞ்சம் கழிவு நூலும் வாங்கிக் கொடுத்ததில் இப்போது மத்தியானம் ஒரு மணி நேரம் அமைதி. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆறு வருஷத்தில் கையேட்டில் இருப்பதில் பாதியை அவர் கைப்பாடமாகவே கற்றிருக்கிறார். மீதிப் பாதியில் ரொம்பப் பயனுள்ளவையும் இருந்தன, குறிப்பாக விழுங்குவதில் சிரமம் வந்தால் எப்படி உட்கார வைத்து ஊட்டுவது என்பது. அதை இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

சந்தேகம் பற்றிய பாடத்தில்தான் விஷயம் பிடிபட்டது. பொருளைத் திருடிவிட்டார்கள் என்று குற்றம் சாட்டுவது இந்த நோயில் மிகச் சாதாரணம். கையேடு சொல்வதன் சாரம்: வாதாடாதீர்கள், இல்லை என்று நிரூபிக்க முயலாதீர்கள், அவருடைய பதற்றத்தை மதித்துக் கூடவே தேடுங்கள், பிறகு பேச்சை மெல்ல வேறு பக்கம் திருப்புங்கள். அருமையான அறிவுரை. இதை வெளியிட்டதற்காகவே உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒரு கும்பிடு போடலாம். அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

“என் வளையல எடுத்துக்கினான்னு தெருவுக்கே கேக்கற மாதிரி சொல்லும். நானும் தேடிக் குடுத்துருவேன். பத்து நிமிஷத்துல மறந்தும் பூடும். ஆனா எங்க நாத்தனா ஞாயித்துக்கெழம வந்து கேட்டுட்டுப் போனாங்களே, அவுங்க மறக்க மாட்டாங்க. அவுங்களுக்கு யாரு தேடிக் குடுக்கறது?”

ஐசப்போர்ட் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு துல்லியமான குறையை யாரும் சொல்லவில்லை. மாமியார் மருமகள் உறவில் வளையல் திருட்டு என்பது வெறும் நோய்க்குறி அல்ல. அதற்கு முன்னாலேயே எழுதி வைத்த வசனங்கள் ஊரில் இருக்கின்றன. சோறு போடவில்லை, குளிக்க வைப்பதில்லை, கட்டிப் போடுகிறாள். நோயாளி சொல்வதை மகள் நம்புகிறாள், அக்கம்பக்கம் நம்புகிறது, ஷிப்ட் முடிந்து வருகிற மகன் பாதி நம்புகிறான். சாப்பிட்டதை மறந்துவிட்டு இன்னும் சாப்பிடவில்லை என்று சொல்வார்கள் என்பது அக்காவுக்குத் தெரியும். தெரிய வேண்டியது மற்றவர்களுக்கு.

கையேட்டில் ‘மற்றவர்களையும் சேர்த்துக்கொள்வது’ என்று ஒரு பாடம் இருக்கத்தான் செய்கிறது. குடும்பத்தாரைக் கூட்டிப் பேசுங்கள், வேலைகளைப் பட்டியல் போடுங்கள், யார் யார் எதைச் செய்ய முடியும் என்று கேளுங்கள் என்ற போக்கில் போகும். அந்தப் பாடமும் பார்த்துக்கொள்கிறவருக்கே எழுதப்பட்டிருக்கிறது. கூட்டுவதும் அவர், விளக்குவதும் அவர், கேட்பதும் அவர். குற்றம் சாட்டப்பட்டவரே பஞ்சாயத்தைக் கூட்டி, தலைமையும் தாங்க வேண்டும். ஒரு மருமகள் “அத்தைக்கு மூளையில் நோய், அவர் சொல்வதை நம்பாதீர்கள்” என்று நாத்தனாரிடம் சொன்னால் என்ன ஆகும் என்று நான் விளக்கத் தேவையில்லை. அதே வாக்கியத்தை உலக சுகாதார நிறுவனம் நாத்தனாரின் போனுக்கே நேராகச் சொன்னால் கதை வேறு.

இன்னொரு பெரிய இடறல், நேர ஒழுங்கு. தினமும் ஒரே நேரத்தில் எழுப்பு, ஒரே நேரத்தில் சாப்பாடு, ஒரே நேரத்தில் தூக்கம். டிமென்ஷியா பராமரிப்பு பற்றி உலகில் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் இது இருக்கும், சரியும்கூட. இப்போது வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு வாரம் கணவருக்குக் காலை ஷிப்ட், விடியுமுன்னே சமையல், கம்பெனி பஸ். அடுத்த வாரம் மத்தியான ஷிப்ட், வீடு திரும்ப ராத்திரி பதினொன்று. அதற்கடுத்த வாரம் நைட், பகலில் அவர் தூங்க வீடு சத்தமில்லாமல் இருக்க வேண்டும். மகனுக்கு இந்தச் சுற்று வேறு வரிசையில் ஓடுகிறது. இந்த வீட்டில் கடிகாரமே வாரா வாரம் மாறுகிறது. இந்த நோயாளிகளில் பலருக்குப் பொழுது சாயும் நேரத்தில் குழப்பமும் பதற்றமும் கூடும். சில வாரங்களில் அந்த நேரத்துக்கு வீட்டில் ஆண் துணை இருக்காது. நைட் ஷிப்ட் வாரத்தில் பகலில் தூங்கும் மகனைப் பார்த்து, யாரோ அந்நிய ஆள் வீட்டுக்குள் படுத்திருக்கிறான் என்று அம்மா கத்துகிறார்.

கையேடு எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை. உலகம் முழுவதற்கும் எழுதும்போது ஒரகடத்து ஷிப்ட் அட்டவணையை யார் கண்டார்கள்? ஆனால் நிம்ஹான்ஸ் மாதிரி அதை இங்கே கொண்டுவருகிறவர்கள், பெயர்களை மாற்றி உணவை மாற்றிவிட்டு ‘பண்பாட்டுத் தகவமைப்பு’ முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. இட்லி மட்டும் பண்பாடு இல்லை. ஷிப்டும் பண்பாடுதான், அதுவும் இந்த வட்டாரத்தில் இருபத்தைந்து வருஷத்துப் பண்பாடு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் செய்யத் தொடங்கியதிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

நடந்து போய்த் தொலைவது பற்றிய பாடமும் இப்படித்தான். சட்டைப் பையில் முகவரிச் சீட்டு வையுங்கள், அக்கம்பக்கத்தாரிடம் சொல்லி வையுங்கள் என்பது வழக்கமான யோசனை. முன்பு இந்த ஊரில் சொல்லி வைக்கவே தேவையில்லை. யார் வீட்டுப் பெரியவர் என்று டீக்கடைக்குத் தெரியும், கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். இன்றைக்குப் பக்கத்து லைன் வீடுகளில் இருப்பவர்கள் ஒடிசா, பிகார், ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள். நல்ல பையன்கள், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிறது, பாட்டி பேசுவது அவர்களுக்குப் புரியாது. வெளியே வந்தால் கன்டெய்னர் லாரி ஓடும் சாலை. முகவரிச் சீட்டை இந்தியிலும் எழுதி வையுங்கள் என்று எந்தத் தமிழ்க் கையேடாவது சொல்லுமா? (சொல்ல வேண்டும். அக்கா வீட்டில் இப்போது அப்படித்தான் எழுதியிருக்கிறோம், போன் நம்பர் பெரிதாக.)

‘என்னைப் பார்த்துக்கொள்வது’ பகுதியில் மூன்று பாடங்கள். அழுத்தத்தைக் குறைப்பது, பிடித்தமான விஷயங்களுக்கு நேரம் ஒதுக்குவது, வேறுவிதமாக யோசிப்பது. மூன்றாவது, மனச்சோர்வுக்கான பேச்சு சிகிச்சையிலிருந்து வருகிறது. ‘என்னால் எதுவும் முடியவில்லை’ என்ற எண்ணத்தைப் பிடித்து, அது உண்மைதானா என்று கேட்டு, கொஞ்சம் தாங்கக்கூடிய எண்ணமாக மாற்றுவது. இது வெறும் ஏமாற்று இல்லை, பலருக்கு உதவுகிற முறைதான். எனக்கு உறுத்துவது அதன் இடம். ஒருத்தருக்கு நாலு மணி நேரத் தூக்கம் தேவை. அதைக் கொடுக்க ஆளில்லை. அந்த இடத்தில் யோசனையை மாற்றிக்கொள்ளக் கற்றுக்கொடுப்பது, ஒழுகும் கூரைக்குக் கீழே மழையை ரசிக்கச் சொல்வது போல ஆகிவிடுகிறது. பிடித்தமான விஷயம் என்ன என்று அக்காவிடம் கேட்டேன். “கதவச் சாத்திக்கினு தூங்கறது” என்றார்.

இப்போது நிம்ஹான்ஸ் சோதனையைப் பார்க்கலாம். 2021இல் முடிவுகள் வெளியாயின. 151 பேர் சேர்ந்தார்கள். ஒரு பிரிவுக்கு ஐசப்போர்ட் பாடம், இன்னொரு பிரிவுக்கு நோய் பற்றிய மின்னூல் மட்டும். மூன்று மாதம் கழித்துக் கடைசிவரை நின்றவர்கள் 55 பேர். அதாவது 36 விழுக்காடு. மனச்சோர்விலும் சுமையிலும் இரண்டு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மாறியது ஒன்றுதான். நோயாளியை நோயாக மட்டும் பார்க்காமல் மனிதராகப் பார்க்கும் மனோபாவம் ஐசப்போர்ட் படித்தவர்களிடம் கூடியிருந்தது.

55 பேரை வைத்துக்கொண்டு பெரிய கோட்டை கட்டக் கூடாது. ஆய்வாளர்களும் இதைச் சாத்தியப்பாடு பார்க்கும் சோதனை என்றுதான் அடக்கமாகச் சொல்கிறார்கள். விட்டுப் போன 96 பேரை ‘ஆர்வமில்லாதவர்கள்’ என்று தள்ளிவிடும் பழக்கம் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. தேடி வந்து பெயர் கொடுத்தவர்களே பாதியில் விடுகிறார்கள் என்றால் அது பாடத்தைப் பற்றிய செய்தி. ஆனால் நான் சொல்ல வருவது அதையும் தாண்டியது. இணையப் பாடம் எதை மாற்றியது, எதை மாற்றவில்லை என்று பாருங்கள். பார்வையை மாற்றியது. பாரத்தை மாற்றவில்லை. பாரம் யாரிடம் இருக்கிறது? அக்காவிடம். பார்வை யாரிடம் மாற வேண்டும்? தாம்பரத்தில், கம்பெனி பஸ்ஸில், எதிர்வீட்டுத் திண்ணையில். மருந்து வேலை செய்கிறது, வேறு ஆளுக்குக் கொடுத்திருக்கிறோம்.

பாரத்தைக் குறைக்க எது உதவும் என்பதற்கும் இந்தியாவிலேயே ஒரு பதில் இருக்கிறது, ஐசப்போர்ட்டுக்கு முன்பே. 2008இல் கோவாவிலிருந்து வந்த ஆய்வு. பர்தேஸ், திஸ்வாடி என்ற இரண்டு தாலுகாக்களில் 81 குடும்பங்கள். மருத்துவப் பட்டம் எதுவும் இல்லாத, உள்ளூர் கொங்கணி பேசுகிற ஆலோசகர்களுக்குக் குறுகிய பயிற்சி கொடுத்து, ஆறு மாதம் வீட்டுக்கு அனுப்பினார்கள். தேவைப்பட்டால் மனநல மருத்துவர் பின்னால் இருந்தார். நோயாளியின் நிலையில் பெரிய மாற்றம் இல்லை. பார்த்துக்கொள்கிறவர்களின் மன நலம் தேறியது, நோயாளியின் நடத்தையால் வரும் மன உளைச்சல் குறைந்தது. இரண்டு ஆய்வுகளையும் தராசில் வைத்து ஒப்பிட முடியாது, அளவுகோல்கள் வேறு. ஆனாலும் ஒரு ஆள் வாசல்படி ஏறி வருவதில் என்ன இருக்கிறது என்று யோசிக்க வைக்கிறது. அந்த ஆள் வீட்டில் எல்லோரிடமும் பேசுவார். மாமியாரிடம், மகனிடம், வந்திருக்கும் நாத்தனாரிடம். நடுவர் மாதிரி. போன் திரையால் அது முடியாது, ஏனென்றால் அது ஒருத்தர் கையில்தான் இருக்கிறது.

யார் கையில் என்பதும் கேள்வி. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் எப்போதாவது இணையம் பயன்படுத்தியதாகச் சொன்ன பெண்கள் 46.9 விழுக்காடு. அதுவும் 15 முதல் 49 வயது வரை உள்ளவர்கள் மட்டும். மாமியாரைப் பார்த்துக்கொள்கிற வயது பெரும்பாலும் அந்தக் கணக்கு முடிகிற இடத்தில்தான் தொடங்குகிறது. அதன்பிறகு நிலைமை எவ்வளவோ மாறியிருக்கும், அக்காவிடமும் ஸ்மார்ட்போன் இருக்கிறது. மகன் மாற்றிவிட்ட பழைய போன், சார்ஜ் மத்தியானம் வரை தாங்கும்.

அவர் கணவரிடம் பேசினேன். மோசமான மனிதர் இல்லை. “நான் லீவு போட்டா எல்ஓபி ஆயிடும் தம்பி” என்றார். கணக்கு அப்படித்தான் இருக்கிறது. தொழிற்சாலையில் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள விடுப்பு. அதில்தான் திருவிழா, கல்யாணம், காய்ச்சல் எல்லாம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு ஈஎஸ்ஐ உண்டு, அவரை நம்பியிருக்கும் பெற்றோருக்கும் அதில் வைத்தியம் கிடைக்கும். ஆனால் நோய்க்கால உதவித்தொகை தொழிலாளிக்கே உடம்பு சரியில்லாமல் போனால்தான். அம்மாவைப் பார்க்க வீட்டில் இருந்த நாளுக்கு இல்லை. மாத்திரை உண்டு, நேரம் இல்லை. கேரளத்தில் படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ‘ஆஸ்வாசகிரணம்’ என்ற திட்டத்தில் மாதம் 600 ரூபாய் வைத்தார்கள். தொகை சொற்பம். ஆனால் ‘இது வேலை’ என்று ஒரு அரசாங்கம் ஒப்புக்கொண்ட ரசீது அது.

இந்த இடத்தில்தான் எனக்குப் பயம். இணையப் பாடம் மலிவானது. ஒருமுறை செய்துவிட்டால் ஒரு கோடிப் பேருக்கும் அதே செலவு. நாளைக்கு யாராவது ஒரு செயலியைத் திறந்து வைத்து, மறதி நோய்க் குடும்பங்களுக்கான சேவை தொடங்கிவிட்டது என்று அறிவித்தால், பகல் நேரக் காப்பகமும் வீட்டுக்கு வரும் ஆளும் இன்னும் பத்து வருஷம் தள்ளிப் போகும். தமிழ்நாட்டில் ஆள் இல்லாமலும் இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரையோடு பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். அக்காவின் மாமியாருக்கும் பிபி மாத்திரை அப்படித்தான் வருகிறது. மாத்திரை கொடுக்கிற அந்தப் பெண், “ராத்திரி தூங்கினியா?” என்று மருமகளிடம் ஒரு கேள்வி கேட்கவும், ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களிடம் ரெண்டு வார்த்தை பேசவும் பயிற்சி கொடுத்தால் அது கோவா மாதிரியின் பாதி. அந்தப் பயிற்சிக்கு ஐசப்போர்ட்டைவிட நல்ல பாடப் புத்தகம் இல்லை. (அவர்கள் தலையில் இன்னொரு வேலையை ஏற்றுவதென்றால் ஊக்கத்தொகையையும் ஏற்ற வேண்டும், அது தனிக் கட்டுரை.)

இதெல்லாம் வரும் வரைக்கும் என்று கேட்பவர்களுக்கு: 14416 டெலி-மானஸ், மனநல உதவி எண். 14567 முதியோருக்கான எல்டர்லைன். இரண்டிலும் மறுமுனையில் ஒரு மனுஷக் குரல் இருக்கும். டிமென்ஷியாவுக்கென்று சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனம் பல வருஷங்களாகத் தனிப் பிரிவு நடத்துகிறது.

ஐசப்போர்ட்டை வணிக நோக்கமில்லாமல் மாற்றிப் பயன்படுத்த உரிமம் இடம் கொடுக்கிறது. எப்படி மாற்றுவது என்று வழிகாட்டியும் கொடுத்திருக்கிறார்கள். தமிழில் யாராவது செய்ய முன்வந்தால் என் யோசனை இது. 23 பாடங்களையும் வரிசையாக மொழிபெயர்க்க உட்கார வேண்டாம். திருட்டுக் குற்றச்சாட்டு, ‘சோறு போடல’, இருட்டும்போது வரும் பதற்றம் என்று மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஏழெட்டு நிமிஷக் குரல் பதிவாக, பேச்சுத் தமிழில், வாட்ஸ்அப்பில் அனுப்புகிற மாதிரி செய்யுங்கள். ‘அன்பான பராமரிப்பாளரே’ என்று ஆரம்பிக்காமல் ‘உங்க அம்மாவ உங்க அண்ணி பாத்துக்கறாங்களா?’ என்று ஆரம்பியுங்கள். வாலாஜாபாத்திலிருந்து ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. காதில் எல்லோருக்கும் ஏற்கெனவே ஏதோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.